மொட்டைமாடிக் குழாய்ப் பேய் குறித்து ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் இந்தப் பனிக்குச் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். போதும், இனி முடியாது.

மார்கழி இதழில், குளிருக்குப் படிக்க என்று புதிய பேய்க்கதைகளாகப் போட்டிருந்தீர்கள். அதில் எழில் என்பவரின் கதை. கோவையில், காந்திபுரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், நீலக் கதவும் முருங்கை மரமுமாக ஒரு வீடு. மாடியில் குடியிருக்கும் பையன் விடியற்காலையில் மொட்டைமாடியில் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கிறான். குரங்குக் குல்லா போட்ட உருவம் ஒன்று, ஒழுகுகிற குழாயை இறுக்கிச் சாத்திவிட்டு, "சிறுவாணித் தண்ணி கண்ணு, சிறுவாணித் தண்ணி" என்று பெருமூச்சு விட்டு மறைகிறது. விசாரித்தால், அது செத்துப்போன வீட்டுக்காரராம்.

ஐயா, அந்த வீடு என்னுடையது. எழில் என் மாடியில் குடியிருந்து காலி செய்து போனவர். குல்லாவும் என்னுடையதுதான். நான் சாகவில்லை.

நானும் தமிழ் முதுகலை படித்தவன். பல வருடங்களுக்கு முன் தங்களுக்கே ஒரு பேய்க்கதை அனுப்பினேன். 'பேயிடம் உயிரோட்டம் இல்லை' என்று திருப்பி அனுப்பினீர்கள். உயிரோடு இருக்கிற ஆளைப் பேயாக்கினால்தான் உங்களுக்கு உயிரோட்டம் தெரியும் போலிருக்கிறது. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தேன் என்று கேட்பீர்கள். எழில் போன பிறகு மாடி அறையில் என் கட்டிலையும் புத்தகங்களையும் கொண்டுபோய் வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று ஓர் அறை கிடைத்தது அப்போதுதான். ஏனென்றால் என் வீடு உடுமலைப்பேட்டைச் சொந்தக்காரர்களுக்கு லாட்ஜ் மாதிரி. பல் பிடுங்க வருவார்கள், பட்டு எடுக்க வருவார்கள், ஒன்றுமில்லாவிட்டால் ஜவுளிக்கடை லிஃப்டில் ஏறிப் பார்க்க வருவார்கள், வந்தால் கட்டில் அவர்களுக்கு, ஹாலில் பாய் எனக்கு. இந்த வருடம் என் மச்சான் தம்பிதுரை, அதாவது மனைவி சாந்தாமணியின் அண்ணன், மகள் லோகப்பிரியாவுக்குத் தை மாதக் கல்யாணம் என்று மார்கழி முழுக்க என் மாடியில் குடும்பத்தோடு தங்கித் துணிமணி எடுப்பதாக ஏற்பாடு. மூட்டை கட்டிய பிறகு உங்கள் இதழ் அவர் கையில் கிடைத்திருக்கிறது. உடனே போன்.

"மாப்ள, அது மாமாதானுங்க."

"எந்த மாமா?"

"உங்கப்பாருங்க! உசுரோட இருக்கையிலயே, நாங்க கை கழுவுனா பின்னாலயே வந்து பைப்பைச் சாத்துவாருங்களே."

"அது எங்கப்பா இல்லீங்க மச்சான்."

"பின்ன யாருங்க?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மாடி அறைக் கட்டில் கண் முன்னால் வந்து நின்றது. "தெரியலீங்களே" என்றேன்.

மச்சான் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளக் குலதெய்வக் கோயிலுக்குப் பூக்கேட்கப் போனார். எங்கள் பக்கம் எதற்கும் அப்படித்தான்: சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுத்தால், வெள்ளை என்றால் ஆமாம், சிவப்பு என்றால் இல்லை. 'அந்த ஊட்டுக்குப் போகலாமா' என்று கேட்பதாகத்தான் யோசனை. கடைசி நேரத்தில் அவர் மனைவி காளியாத்தாள் குறுக்கே விழுந்து, "மொதல்ல கதை நெசமான்னு கேளுங்க" என்றிருக்கிறார். கேட்டார்கள். வெள்ளை. அடுத்த கேள்விக்கு மச்சான் வாயெடுக்க, பூசாரி, "ஒரு நாளைக்கு ஒண்ணுதானுங்க. அம்மன் என்ன விசாரணை ஆபீஸா?" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான். கல்யாணத் துணியெல்லாம் ஈரோட்டில் எடுத்தார்கள். ஒரு ஈ, காக்கைகூட என் வீட்டுக்கு வரவில்லை. தினமும் எனக்குக் குல்லாவை எடுத்துக் கொடுக்கிற சாந்தாமணியே, "நீங்க மாடிக்குப் போறது எனக்குத் தெரியுமுங்க. ஆனா அம்மன் பொய் சொல்லுமா? உங்களுக்கு முன்னால மாமாவும் ஒரு நடை போய்ட்டு வர்றாரோ என்னமோ" என்று மாடிப்பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. மார்கழி முழுக்கக் கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, உங்கள் மற்ற பேய்க்கதைகளை எழுத்து விடாமல் படித்தேன். ஒன்றிரண்டு தேறும். இத்தனை நிம்மதியாக நான் பயந்ததே இல்லை.

ஆனால் இந்த மாத இதழில் வாசகர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். 'பிசினாறிப் பேய்' என்று ஒருவர், 'கஞ்சனுக்குச் செத்தும் கொடுக்கக் கை நீளவில்லை' என்று இன்னொருவர். இதைத்தான் தாங்க முடியவில்லை. சொட்டுச் சொட்டாக ஒழுகினால் தொட்டி காலியாகாதா? ஆகவே, அந்த வீட்டில் பேய் எதுவும் இல்லை, வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார், அவர் கஞ்சனும் இல்லை என்று அடுத்த இதழில், கண்ணில் படுகிற இடத்தில், மறுப்பு வெளியிட வேண்டும்.

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் என் அன்பு. எழிலுக்கு இல்லை.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது போன் வந்தது. மச்சானின் புது மருமகன் மனோஜ்குமாருக்குக் கோவையிலேயே வேலையாம். "சின்னஞ்சிறுசுக மாடியில இருக்கட்டுமுங்க மாப்ள, நாங்களும் அப்பப்ப வந்து இருந்துக்கறோம்" என்கிறார். நல்லவேளையாகக் காளியாத்தாள் போனைப் பிடுங்கி, "தம்பி, மாமா இன்னும் வர்றாருங்களா?" என்று கேட்டார். "இன்னிக்குக் காத்தால கூடப் பைப்பைச் சாத்திப்போட்டுத்தானுங்க போனாரு அக்கா" என்றேன். அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

ஆகவே மறுப்பு வேண்டாம். கஞ்சன் என்பதும் அப்படியே இருக்கட்டும். எழில் இரண்டாம் பாகம் எழுதினால், பேய் கீழே ஹாலுக்கும் வந்து போவதாக எழுதச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைக் கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன். செத்தவன் கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்காது.