நின்றபடியே ஓடிய சைக்கிள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான், உன் அம்மா, நீ வாங்கிக் கொடுத்த சைக்கிள் ஆகிய மூவரும் சௌக்கியம். மூவரில் மிகவும் சௌக்கியமாக இருப்பது சைக்கிள்தான். ஏன் என்பதைக் கீழே விவரித்திருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, மேலதிகாரியை எதிர்த்துப் பேசாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். இதைப் போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் நீ "அப்பா, சூப்பர்ப்பா! இன்னிக்கு அஞ்சு கிலோமீட்டரா!" என்று ஆரம்பித்துவிடுவாய், எனக்கு வாய் அடைத்துப்போகும். தவிர, குற்றத்தை ஒப்புக்கொள்பவன் அதை எழுத்தில் கொடுத்துக் கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் முப்பத்துநான்கு வருடம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்த எனக்குத் தெரிந்த முறை. ஆகவே எழுத்தில் கொடுக்கிறேன். அந்தக் கிலோமீட்டர்கள் என்னுடையவை அல்ல.

நான் ஓய்வு பெற்ற மறுநாள் நீ சைக்கிளோடு வந்து நின்றது நினைவிருக்கும். காலைத் தூக்கிப் போட அப்பாவின் இடுப்பு ஒத்துழைக்காது என்று நடுக்கம்பி இல்லாததாகப் பார்த்து வாங்கி, கைப்பிடியில் ஒரு சின்ன மீட்டரையும் மாட்டி, "நீங்க எவ்வளவு ஓட்டினாலும் என் போனுக்கு வந்துடும்ப்பா. ஒரு வருஷத்துல ஆயிரம் கிலோமீட்டர்!" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஓட்டினேன், இல்லையென்று சொல்லவில்லை. முதல் வாரம் தெருமுனை இறக்கத்தில் பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்று நான் யோசித்து முடிப்பதற்குள், எதிரே திறந்திருந்த முடிவெட்டும் கடைக்குள் சைக்கிளோடு போய்விட்டேன். முடிவெட்டுபவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, "கட்டிங்கா, ஷேவிங்கா?" என்றார். வேண்டுமென்றேதான் வந்தேன் என்று காட்டிக்கொள்ள, வேண்டாத ஒரு கட்டிங் செய்துகொண்டு உருட்டியபடியே திரும்பினேன். நீ போட்டோவைப் பார்த்து, "சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சதும் அப்பா இளமையாயிட்டாரு" என்றாயே, அது அந்தக் கட்டிங்தான். ஒரு மாதத்தில் நான் செய்தது மொத்தம் பதினொரு கிலோமீட்டர். அதில் மூன்று, உருட்டியது. அதன் பிறகு சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் நிறுத்தியவன் தொடவில்லை.

அப்பா சும்மா உட்காரக் கூடாது என்று நீ அனுப்பிய மற்ற பொழுதுபோக்குகளின் நிலவரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒரே தடவையாக அழுதுவிடலாம். மவுத் ஆர்கன் மூன்று வாரம் வாசித்தேன். ஒருநாள் உன் அம்மா அதைப் பத்திரமாக எடுத்து வைத்தாள், எங்கே வைத்தாள் என்பது இன்றுவரை அவளுக்கே நினைவு வரவில்லையாம். வாட்டர் கலரில் உன் அம்மாவை வரைந்து அவளிடமே காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உங்க பழைய மேலதிகாரியை ஏன் வரைஞ்சீங்க?" என்றாள். தொட்டியில் தக்காளிச் செடி வைத்ததில், ஒரே ஒரு காய் பிடித்தது. அது தினமும் எத்தனை கிராம் கூடுகிறது என்று எழுதி வைக்கலாமே என்று முதல் நாள் எடை பார்க்கப் பறித்தேன். நாற்பத்தொரு கிராம். அதற்கு மேல் அது கூடவில்லை. நிலைத்து நின்றது செஸ் மட்டும்தான். தினமும் நாலு மணிக்கு நூலகத்துக்குப் போய், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரிடம் தோற்றுவிட்டு ஆறு மணிக்குத் திரும்புகிறேன். இதில் உன் அம்மாவின் ஒத்துழைப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்றரைக்கே சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, "கிளம்புங்க, மூளைக்கு நல்லது" என்பாள். கட்டியவனின் மூளையில் இவ்வளவு அக்கறை வைத்த மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் தொடாத சைக்கிளின் மீட்டர் ஓட ஆரம்பித்தது. முதலில் அரை, ஒன்று என்று இருந்தது. பிறகு நாளைக்கு மூன்று, நாலு, ஐந்து. இப்படிக் கூட்டிக் காட்டுகிற கருவியை என் உத்தியோகத்தில் கண்டிருந்தால் அதே இடத்தில் சீல் வைத்திருப்பேன். ஆனால் நான் பேச வாயெடுத்த அன்றுதான் நீ, "அப்பா ஐநூறு தாண்டிட்டாருன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன்" என்றாய். உன் குரலில் இருந்த அந்தப் பெருமையை, சின்ன வயதில் நீ ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துவிட்டு வந்தபோதுதான் கேட்டிருக்கிறேன். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லையம்மா. சரி, கருவியின் கோளாறையாவது கண்டுபிடித்துவிட்டுச் சொல்வோம் என்று விசாரணையில் இறங்கினேன்.

சைக்கிளில் கோளாறு ஒன்றல்ல, பல. என் உயரத்துக்கு முப்பத்தெட்டு அங்குலத்தில் வைத்த சீட் தானாகவே முப்பத்தாறுக்கு இறங்கிவிடுகிறது. டேப் வைத்து அளந்து, ஏற்றி, இறுக்குவேன், மறுநாள் முப்பத்தாறு. சைக்கிள் கடைக்காரரிடம் உருட்டிக்கொண்டு போனேன். அவர் திருகிப் பார்த்துவிட்டு, "சார், போல்ட் நல்லாத்தான் இருக்கு. யாரோ இறக்குறாங்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. ஒருத்தன் நான். இன்னொருத்தி சைக்கிள் பக்கமே போகாதவ. அப்ப யாரு, பேயா?" என்று கேட்டேன். அவர் பஞ்சர் ஒட்டப் போய்விட்டார். இன்னொரு நாள் ஆறு மணிக்கு வந்து தொட்டுப் பார்க்கிறேன், வெயிலே படாத இடத்தில் நிற்கிற சைக்கிளின் சீட் சூடாக இருக்கிறது! மாடியில் குடியிருக்கும் நர்ஸ் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு என்ன தோன்றியதோ, வாயைப் பொத்திக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடிவிட்டாள். நல்ல பெண்தான். தினமும் நான் கிளம்பும்போது, "அங்கிள், செஸ் ஒரு ஆட்டம் முடிய எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்பாள். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள் போலும். சொல்லித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

கடைசியாக, போன வாரம் ஒருநாள் செஸ்ஸுக்குப் போகாமல், சைக்கிளுக்கு எதிரே நாற்காலி போட்டு, நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக நாலிலிருந்து ஆறு வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டர் ஒரு மீட்டர்கூட நகரவில்லை. அன்று உன் அம்மாவுக்கு வேறு என்ன கோபமோ தெரியவில்லை, சமையலறையில் பாத்திரங்கள் எல்லாம் பறந்துகொண்டிருந்தன. "கணுக்கால்கிட்ட என்ன கறுப்பா மசி?" என்று பேச்சுக் கொடுத்தேன். "வாசக் கதவோட கீல்ல பட்டுச்சு. அதுக்கும் ஒரு நோட்டுப் போடுங்க" என்றாள். மறுநாள் நான் செஸ்ஸுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், மீட்டரில் ஒன்பது கிலோமீட்டர் கூடியிருக்கிறது. ஆள் பார்த்தால் சும்மா இருக்கிறது, பார்க்காவிட்டால் ஓடுகிறது. இதைவிடத் திருட்டுக் கருவியை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

இப்போது அது தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் நிற்கிறது. நீயோ ஞாயிற்றுக்கிழமை வருகிறாய். "மீதி இருபத்திரண்டை ரெண்டு பேரும் சேர்ந்தே ஓட்டி ஆயிரத்தை முடிப்போம்ப்பா" என்கிறாய். அம்மாடி, என்னால் தெருமுனையைத் தாண்ட முடியாது. தாண்டினால் முடிவெட்டிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். அளவில் பொய் சொன்ன எத்தனையோ பேரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டவன், பெற்ற மகளிடமே பொய் அளவைக் காட்டி நல்ல பெயர் வாங்கிவிட்டேன். நீ நேரில் பார்த்து முகம் வாடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இது. அந்த மீட்டரைக் கழற்றி இத்துடன் வைத்து அனுப்புகிறேன். விற்றவர்களிடம் திருப்பிக் கொடு. ஞாயிறன்று வா, ஆனால் சைக்கிளுக்காக வராதே, எனக்காக வா. அப்பாவை மன்னித்துவிடு.

எங்கும் எதிலும் உனக்குக் குறைவின்றி எல்லாம் நிறை எடையாகவே கிடைக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அன்பு அப்பா.

பின்குறிப்பு: மேலே எழுதியவை அனைத்தும் ரத்து.

மீட்டரைக் கழற்றுவதற்காக, செஸ்ஸை விட்டு ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்து, ஸ்க்ரூடிரைவரோடு மாடிப்படிக்கு அடியில் போனேன். சைக்கிள் இல்லை. திருடு போய்விட்டது என்று கத்துவதற்கு வாயைத் திறக்கும்போது வாசலில் மணி அடித்தது. உன் அம்மா. சைக்கிள் மேல். வளைந்து உள்ளே வந்து, என் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி, இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்து நிறுத்தி இறங்கினாள். பின்னாலேயே மூச்சு வாங்க நடந்து வந்தாள் மாடி வீட்டு நர்ஸ். பத்து மாதமாகச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் அவள்தான்.

"என்ன, இன்னிக்குச் சீக்கிரமே தோத்துட்டீங்களா?" என்றாள் உன் அம்மா.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க சொல்லிக் கொடுக்க வந்திருப்பீங்க" என்றாள். சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்தே ஓட்டிப் பார்க்க ஆசையாம். ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன். "யாரும் கேக்கல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். நீ எனக்கு ஐந்து பொழுதுபோக்கு அனுப்பினாய், நான் ஐந்தையும் வாங்கிக்கொண்டேன். அவளுக்கு ஒன்று வேண்டுமா என்று உனக்கும் தோன்றவில்லை, முப்பது வருடமாகக் கூடவே இருக்கிற எனக்கும் தோன்றவில்லை.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். வாங்கிப் படித்துவிட்டு, "அப்படியே அனுப்புங்க, அவ சிரிக்கட்டும்" என்றாள். மீட்டரையும் கழற்றக் கூடாதாம். கருவி சரிதான் என்று இதன்மூலம் சான்றளிக்கிறேன். ஆயிரமும் அவளுடையதாகவே முடியட்டும். என் பதினொன்றை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டேன். நீ ஒரு வாடகை சைக்கிள் மட்டும் ஏற்பாடு செய்துகொண்டு வா. நான் தண்ணீர் பாட்டிலோடு வாசலில் நிற்பேன்.

சீட்டை நானே முப்பத்தாறு அங்குலத்துக்கு இறக்கி, போல்ட்டை இறுக்கி, அதன்மேல் ஒரு காகிதம் ஒட்டிக் கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டேன். இனி அதை யாரும் ஏற்றக் கூடாது.