மணிலா அண்ணை செத்து விழுந்த வாரம்

மெல்பேர்னில் மணிலா அண்ணை அளவுக்குப் பலமுறை செத்தவர் யாருமில்லை. நோபல் பார்க் முதியோர் இல்லத்தில் நான் சமையலறையிலும் அவர் முதியவர்களைப் பராமரிப்பதிலும் வேலை பார்த்தபோது, ஒரே வாரத்தில் பதினொரு தடவை செத்தார்.

ஊர் யாழ்ப்பாணம். இங்கே வரும் வழியில் விசாவுக்காக மணிலாவில் இரண்டு வருடம் மாட்டிக்கொண்டவர். பகலெல்லாம் சண்டைப் படம் ஓடும் தியேட்டரில் கிடந்தார்; ஏசி இருந்த இடம் அது ஒன்றுதானாம். அந்தப் படங்களின் விதிகள் அவருக்கு வேதம். நாயகன் ஏழை. முதல் அடியை அவன் அடிக்கக் கூடாது. வீடு எரிந்து, தம்பி செத்த பிறகே கை ஓங்குவான். அதன்பின் அவன் துப்பாக்கியில் குண்டு தீராது. பிற்காலத்தில் அந்தப் படங்கள் அருகிப்போனதற்கு, தான் மணிலாவை விட்டு வந்ததே காரணம் என்று நம்பினார்.

பிலிப்பைன்ஸின் தகாலொக் மொழியையும் தியேட்டரில்தான் கற்றார். கேட்டால் எல்லாம் விளங்கும். பேச வருவது மிரட்டல் மட்டும்.

ரேமுண்டோ என்ற பிலிப்பைன்ஸ் முதியவர் எங்கள் இல்லத்துக்கு வந்தார். மறதி நோயில் ஆங்கிலம் போயிருந்தது, பேச்சும் நின்றது, பிறகு சாப்பாடும். வெள்ளிக்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரிதான் என்றார் டாக்டர். அண்ணை கஞ்சியோடு போய், தெரிந்த தகாலொக்கில், "உன் ஆட்கள் எல்லோரும் ஒழிந்தார்கள், சரணடை" என்றார்.

ரேமுண்டோ வாய் திறக்கவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தார்.

அண்ணைக்கு அது போதும். கிழவரின் விரல்களைத் துப்பாக்கிபோல மடக்கிவைத்து, நெஞ்சைப் பிடித்தபடி, உட்கார்ந்திருந்த கதிரையோடு தரையில் சாய்ந்தார். வேளைக்கு ஒரு சாவு. எங்கள் இல்லத்தில் யார் விழுந்தாலும் படிவம் நிரப்ப வேண்டும். புதன்கிழமை மேலாளர் சுதா, சென்னைப் பெண், படிவக் கட்டோடு வந்தார்.

"அண்ணா, இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா உங்க வேலைய என்னால காப்பாத்த முடியாது."

"ஓம் பிள்ளை" என்றார். அன்று மாலையே செத்தார்.

வெள்ளி மதியம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. வாசலில் சுதா. அண்ணை அவரைப் பார்த்தார், கஞ்சியைப் பார்த்தார், விழுந்தார். அப்போது ரேமுண்டோ பேசினார். நீளமாக, கோபமாக.

"என்ன சொல்றாரு?" என்றார் சுதா.

தரையில் கிடந்தபடியே அண்ணை சொன்னார்: "நான் விழுறது பிழையாம். தோள்தான் முதல்ல நிலத்தில படவேணுமாம். மனுசன் ஹீரோ இல்லை, பிள்ளை. இருபது வருசம் படங்களில ஹீரோமாரிட்ட அடிவாங்கிச் செத்தவராம்."

அதன்பின் ரேமுண்டோவை நிறுத்த முடியவில்லை. ஒரு நாயகனின் குத்து மழைபோல விழுமாம், ஒன்றும் வலிக்காதாம். இன்னொருவர் நிஜமாகவே அடித்துவிட்டுப் பிறகு பீர் வாங்கித் தருவாராம். பேசி முடித்து, திரும்ப விழச் சொல்லிக் கையால் ஆணையிட்டார்.

"கஞ்சியைக் குடி. இல்லையேல் நான் சாக மாட்டேன்" என்றார் அண்ணை.

ரேமுண்டோ குடித்தார். வாய்க்கு ஒரு சாவு என்று நாலு வாய். சுதா ஆம்புலன்ஸ் வேண்டாமென்று சொல்லிவிட்டு, படிவத்தை எடுத்து, 'விழுந்த காரணம்' என்ற இடத்தில் 'மதிய உணவு' என்று எழுதினார்.

நான் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். போன வாரம் போனில் கூப்பிட்டபோது, முழங்கால் வலிக்கிறது, ஆனால் இப்போது தோள்தான் முதலில் படுகிறது என்று அண்ணை பெருமையாகச் சொன்னார். அவர் இன்னும் நெடுங்காலம் இப்படியே செத்துக்கொண்டிருக்கட்டும்.