எட்டு மைக்ரோ விநாடியும் இன்னும் ஒரே ஒரு ஷாட்டும்

எட்டு மைக்ரோ விநாடி. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் இந்த நேரம் பல ஆயிரம் தடவை வந்து போய்விடும். அவ்வளவே உயிர் வாழும் ஒன்றை ஆறு ஆண்டுகளாக ஆராய்ந்துகொண்டிருக்கும் ஒரு ஜீவராசி நம்மிடையே உண்டு. 'இன்னும் ஒரே ஒரு ஷாட்' இனம் என்று பெயர் வைப்போம்.

அடையாளம் காண்பது சுலபம். கல்யாணப் பந்தியில் "படிச்சு முடிச்சிட்டியா மா?" என்று கேட்டுப் பாருங்கள், சாம்பார் வாளி எங்கே என்று தேடத் தொடங்கிவிடும். "என்னா படிக்கிறே?" என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். உங்கள் இலையிலிருக்கும் அப்பளமும் வடையும் மின்முனைகளாகி, நடுவில் ரசம் பிளாஸ்மாவாகப் பாயும்.

செமோர் ஊர்க்காரி தினேஸ்வரி இந்த இனத்தின் சொக்கத்தங்கம். மலேசியாவில் ஈப்போ நகருக்கு வெளியே ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவளுக்கென்று ஓர் எஃகுக் கலம். தோட்டத்துப் பெரட்டில் ஆள்கணக்குக்குப் பேர் கொடுக்க வந்தவள் போலக் காலை ஏழு மணிக்கு அதன் முன் நிற்பாள். பம்பைப் போட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்து, துளி வாயுவை நிரப்பி, மின்தேக்கிகளில் சார்ஜ் ஏற்றி, காதுக்கு அடைப்பான் மாட்டிப் பொத்தானை அழுத்தினால், டமார்! வாயு பிளாஸ்மாவாகி, நெருக்குண்டு, எட்டு மைக்ரோ விநாடியில் அணைந்துவிடும். திரையில் மின்னோட்டம் ஒரு கோடாக வரும். பிளாஸ்மா நன்றாக நெருக்குண்டால் கோட்டில் பள்ளம் விழும், அதுதான் வெற்றி. பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆனந்தம். இப்படி ஒரு டமாருக்கு ஒரு ஷாட் என்று இதுவரை 4,116 ஷாட். அத்தனை பிளாஸ்மாவையும் கூட்டினால் ஒரு சிமிட்டலுக்குக்கூடக் காணாது.

ஆய்வேடு எழுதியாகிவிட்டது. பேராசிரியர் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதை அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் அவள் பதிவு ரத்து. ஆறு ஆண்டும் போச்சு. பிறகென்ன தடை?

புதன்கிழமைதான் தடை. அன்று அடித்த ஷாட் ஜன்னலையே உலுக்கியது. ஆனால் பதிவுக் கருவியைத் தயார்நிலையில் வைக்க மறந்துவிட்டாள். திரை வெறுமை. உலகத்திலேயே ஆழமான பள்ளம் அதுதான் என்பது அன்றுமுதல் அவள் கொள்கை. கண்ணால் பார்க்காத பள்ளத்தைவிட ஆழமானது வேறென்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அக்கா குமுதா காரோடு வந்துவிட்டாள்.

"ஏ தினேஸ், கௌண்டர் அஞ்சுக்குச் சாத்திருவாங்க லா!"

"செக்கெஜாப் லா அக்கா, ஒரு நிமிசம். இன்னும் ஒரே ஒரு ஷாட்."

"இதையேதான் தீபாவளிக்கும் சொன்னே."

"எந்த வருசத்துத் தீபாவளி?" என்றார் ஆய்வுக்கூட உதவியாளர் சீனி அண்ணன். "பதிவு மெஷின ரெடி பண்ணிட்டியா மா?"

"பண்ணிட்டேன்ணே."

டமார்! திரையில் பள்ளம். பள்ளமா அது, கிணறு! தினேஸ்வரி குதித்தாள். என்ன ஏதென்று புரியாமலே அக்காவும் கைதட்டினாள்.

"அப்பாடா! வா, போலாம்."

தினேஸ்வரி நகரவில்லை. முகத்தில் ஒரு யோசனை ஏறியது.

"ஒரு தடவ வந்தா அது அதிர்ஷ்டம் அக்கா. ரெண்டாவது தடவையும் வந்தாதான் சயன்ஸ்."

சீனி அண்ணன் மின்தேக்கிகளை எர்த் கம்பியால் தொட்டுச் சார்ஜை இறக்கினார். பம்பை நிறுத்தினார். கலத்தின் வால்வைத் திருகினார். புஸ்ஸ்ஸ் என்று ஈப்போவின் ஈரக் காற்று முழுவதும் உள்ளே புகுந்தது.

"அலாமாக்! அண்ணே! உள்ள ஈரம் ஏறிருச்சே, மறுபடி உறிஞ்சி எடுக்க ரெண்டு நாளாகுமே!"

"ஆமா லா. திங்கக்கிழம வா."

வளாகத்தின் மறுமுனையில் அலுவலகம். கார் போய்ச் சேர்ந்தபோது மணி 4:46. ஆய்வேட்டை நெஞ்சோடு அணைத்தபடி தினேஸ்வரி கதவில் கை வைத்தாள்.

"இரு லா, டயரு கோட்டுமேல நிக்குது," என்றாள் அக்கா. "ஒரே ஒரு தடவ எடுத்துப் போடுறேன்."

எடுத்தாள். போட்டாள். இறங்கிப் பார்த்தாள். மறுபடி எடுத்தாள். மூன்றாவது ரிவர்ஸில் தினேஸ்வரி ஓடுகிற காரிலிருந்தே குதித்து ஓடினாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பூட்டிய கேட்டை இன்னொரு தடவை ஆட்டிப் பார்க்கப் பாதி வழியில் திரும்பியவர் யார்? ஒரு படத்தை அனுப்ப முப்பது படம் எடுத்து, "இன்னும் ஒண்ணு, கண்ண மூடிட்டேன்" என்றவர் யார்? கலம் உங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

ஆய்வேட்டுக்குக் கொடுத்த ரசீதில் விழுந்த நேரம் 4:58. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பம்ப் ஓடும்.