முழுசு சாரின் மோட்டார்

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை தேடினாலும், முழுசு சார் அளவுக்கு என் ரத்தத்தைக் கொதிக்க வைத்த மனிதர் கிடைக்கமாட்டார். எதையும் அரைகுறையாக விடமாட்டார், அதனால் தெருவே வைத்த பெயர். கொசு அடித்தால், அது செத்த பிறகும் நாலு அடி போடுவார். முடிச்சூரில் நான் மோட்டார் வைண்டிங் பார்க்கும் கடைக்கு எதிர்வீடு. என் தலையெழுத்து.

ரிட்டயர் ஆன கையோடு, காலனி பொங்கல் விழாவில் தன் கையால் செய்த மோட்டாரை ஓட்டிக் காட்டப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஒரு பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், ஒரு செப்புக்கம்பிச் சுருள். அவ்வளவுதான். காந்தம் மட்டும் என் ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து எடுத்தது. கேட்டதற்கு, "பாட்டு எங்கப்பா ஓடிப்போவுது?" என்றார்.

சுருள் சுற்றவில்லை. பாதி திரும்பும், வந்த வழியே திரும்பிவிடும். கம்பிமேல் கரண்டைத் தடுக்கும் பூச்சை இரண்டு முனையிலும் பளபளவென்று முழுக்கச் சுரண்டியிருந்தார். ஒரு முனையில் மேல்பக்கம் மட்டும் சுரண்ட வேண்டும். அரைச் சுற்றுக்குக் கரண்ட் போகணும், அடுத்த அரைச் சுற்றுக்கு நிற்கணும். இல்லாவிட்டால் முன்னே இழுத்த காந்தமே பின்னாலும் இழுக்கும்.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். "சார், ஒரு பக்கம் பாதி சுரண்டினா..."

"பாதியா? அஞ்சாங்கிளாஸ்ல பாதியில நின்னவன்தானே நீ! அந்த வேலையெல்லாம் உன் கடையில வெச்சுக்கோ."

என் கடைக்கே திரும்பினேன்.

விழா அன்று பந்தல் நிறைய ஜனம். சுருள் இப்படியும் அப்படியும் ஆடியது. "இன்னா சார், தூளி ஆட்டிகினு கீறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். முழுசு சார் சுருளைத் திரும்பத் திரும்பத் தட்டிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! கத்தினவன் மேலா, இவர் மேலா, தெரியவில்லை. நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன், "யோவ், தள்ளுய்யா!" என்று முழுசு சாரையே அதட்டினேன். சுருளைப் பிடுங்கி, ஒரு சுற்றைப் பிரித்து, பழைய முனையை வெட்டி, புது முனையில் மேல்பக்கம் மட்டும் சுரண்டி வைத்தேன். விர்ரென்று சுற்றியது.

உடனே மைக்கைப் பிடித்தார். "பாத்தீங்களா, முழுக்க நானே செஞ்சது!"

ஒரு மாசம் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

பிறகு மகள் வீட்டுக்கு, கீழ்க்கட்டளைக்குக் குடிபோனார். ஆட்டோவில் மூட்டையெல்லாம் ஏற்றிவிட்டுக் கடைக்குள் வந்து, என்னைப் பார்க்காமல் அந்த மோட்டாரை மேஜைமேல் வைத்தார்.

"நின்னா நீயே சுரண்டிக்கோ. எனக்குப் பாதி சுரண்ட வராதுப்பா."

கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் மட்டும் உடனே மாற்றிவிடுகிறேன்.