நாற்பது படிவங்களும் ஒரு கோடும்

காலியாக விட்ட கட்டத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. முப்பத்து நான்கு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு வருகிற வியாதி இது. ஓய்வூதியத்தோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். படிவத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. எழுத ஒன்றுமில்லை என்றால் ஒரு கோடாவது போட வேண்டும். இதற்காக எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். (கொட்டும் மழையில் வந்த ஒரு நெல் விவசாயியையும்தான். அவர் படிவம் நனைந்திருந்தது வேறு. அது தனிக் குற்றம்.)

இப்படிப்பட்டவனை நம்பித்தான் என் மகள் தேன்மொழி ஒரு கண்காட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

புக்கிட் பெருந்துங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவள் அவள். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டாள். ஐந்து வருடம் கழித்து ஒருநாள், கண்காட்சி வைக்கப் போவதாகச் சொன்னாள். எதைப் பற்றி என்று கேட்டேன்.

"அம்மாவா ஆனதுக்கு அப்புறம் நான் யாருன்னு."

"அதான் அடையாள அட்டையில போட்டிருக்கே" என்றேன். (கிண்டல் இல்லை. அன்றைக்கு அதுதான் என் உண்மையான கருத்து.)

கோலசிலாங்கூரில் ஒரு பழைய மண்டபத்தை மூன்று நாளுக்கு எடுத்தாள். முதல் நாள் காலை பத்து மணிக்கு, கோலாலம்பூர் ஓவியக்கூடம் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்துவிட்டால் கண்காட்சி அங்கே போகும். "இது மட்டும் அமைஞ்சா நான் திரும்ப எந்திரிச்சுருவேன்பா" என்று காரில் வரும்போது சொன்னாள். அவள் குரல் அப்படி நடுங்கி, அவள் தாய் இறந்த அன்றுதான் கேட்டிருந்தேன்.

எட்டரை மணிக்கு, விளக்கச் சீட்டுகள் இன்னும் அச்சுக்கடையிலேயே இருப்பது தெரிந்தது.

"தஞ்சோங் காராங் வரைக்கும் ஓடிட்டு வந்துர்றேன். நீங்க சும்மா உக்காந்திருங்க. எதையும் தொடாதீங்கப்பா, ப்ளீஸ் லா."

உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்.

சுவர் நெடுக நாற்பது படிவங்கள், ஊசி குத்தி, கண்ணாடி இல்லாமல். கிளினிக், தடுப்பூசி, குழந்தைக் காப்பகம், காப்புறுதி, பாலர் பள்ளி. எல்லாவற்றிலும் என் பேத்தியின் பெயர் இருந்தது. தாயின் பெயர் வர வேண்டிய கட்டம் மட்டும் நாற்பதிலும் வெள்ளையாக இருந்தது.

பாவம், அவசரத்தில் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். கோலாலம்பூர் அம்மையார் இதைப் பார்த்தால் எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்? கறுப்பு மைப் பேனாவை எடுத்தேன். அடையாள அட்டையில் உள்ளபடி, பெரிய எழுத்தில், கட்டத்தைத் தாண்டாமல்: தேன்மொழி ஏ/பி பெருமாள். மகள் பெயரை எழுதி, 'இன்னாரின் மகள்' என்பதற்கு ஏ/பி போட்டு, தகப்பன் பெயரை எழுதுவதுதான் நம் நாட்டு முறை. (பெருமாள் நான்தான்.) முப்பதாவது படிவத்தில் மணிக்கட்டு வலித்தது. பிள்ளைக்காகத்தானே என்று தொடர்ந்தேன்.

நாற்பதையும் தாண்டி, கடைசியில் ஒன்று மட்டும் சட்டம் போட்டுத் தனியாக மாட்டியிருந்தது. என் மனைவி சரசுவின் இறப்பைப் பதிய, மூன்று வருடத்துக்கு முன் நான் நிரப்பிய படிவத்தின் நகல். என் கையெழுத்து. தொழில் என்ற இடத்தில் நேர்த்தியான ஒரு கோடு. மண்டபத்திலேயே முறையாக நிரப்பப்பட்ட படிவம் இது ஒன்றுதான் என்று மகிழ்ந்தேன். ஆம், மகிழ்ந்தேன்.

தேன்மொழியும் அந்த அம்மையாரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள். தேன்மொழி முதல் படிவத்தைப் பார்த்தாள். இரண்டாவதை, மூன்றாவதைப் பார்த்தாள். பிறகு நாற்பதாவது வரைக்கும் வேகமாக நடந்தாள்.

"நீங்களா எழுதுனீங்க?"

"எல்லாத்தையும் முடிச்சுட்டேம்மா" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"அந்தக் காலி இடந்தான்பா நான். அத மட்டுந்தான் நான் செஞ்சேன்." அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "இப்ப அதுலயும் உங்க பேரு. நாப்பது தடவ."

அம்மையார் நாகரிகமானவர். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பிறகு தெரிவிக்கிறேன்" என்றார். இந்த வாக்கியத்தை முப்பத்து நான்கு வருடம் பயன்படுத்தியவன் நான். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

மண்டபத்துக்கு மூன்று நாள் பேசியிருந்ததால் தேன்மொழி எதையும் கழற்றவில்லை. மறுநாள் பக்கத்து ஊரான அசாம் ஜாவாவிலிருந்து, சரசுவோடு ஒரே ரப்பர் தோட்டத்தில் இருந்த பெண்கள் ஒரு வேனில் வந்தார்கள். அவர்களில் ஒருவரான முனியம்மாக்கா அந்தக் கடைசிப் படிவத்தின் முன்னால் நின்று, "இது என்னாடி கோடு?" என்று கேட்டார். தேன்மொழி விளக்கினாள்.

"வேல இல்லன்னு எழுதுனானா? யாரு, இந்தப் பெருமாளா?" நான் தூணுக்குப் பின்னால் நகர்வதற்குள் பிடித்துவிட்டார். "ஏய்யா, நாங்க விடியாம பால்மரம் வெட்டப் போவம்ல? ஆயாக்கொட்டகையில எங்க பிள்ளைங்களப் பாத்துக்கிட்டது யாரு? ஒன்னக் கட்டிக்கிட்டு டவுனுக்குப் போயும் சும்மா இருந்தாளா? பேக்டரிக்காரிங்க பிள்ளைங்க பூரா ஒன் வீட்டுலதான கெடந்துச்சுங்க?"

கிடந்தன. அழும். அதனாலேயே நான் அலுவலகத்துக்குச் சீக்கிரம் கிளம்பிவிடுவேன். (நேரம் தவறாமைக்கு நற்சான்றிதழும் வாங்கினேன்.) நான் செத்தால் தொழில் என்ற இடத்தில் 'ஓய்வு பெற்றவர்' என்று எழுதுவார்கள். சரசுவுக்கு வேலை இருந்ததாகவும் பதிவில்லை, ஓய்வு கிடைத்ததாகவும் பதிவில்லை.

மறுவாரமே சரசுவின் இறப்புப் பதிவைத் திருத்த விண்ணப்பித்தேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட வயது குறைவு. எல்லாக் கட்டங்களையும் சரிபார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னாள்: "தொழிலுக்கு ஆதாரம் வேணும் அங்கிள். முதலாளி கடிதம்." தோட்டம் வீடமைப்பு நிலமாகிவிட்டது. முதலாளி யாரென்று கேட்டால், தாய்மார்கள்தான். முனியம்மாக்காவின் கைரேகையை முதலாளியின் கையெழுத்தாக ஏற்க முடியாது என்றாள் அந்தப் பெண். அவள் சொன்னது சரி. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், மரியாதை இல்லாமல்.

இரண்டு வருடமாக அலைகிறேன். கோலாலம்பூரிலிருந்து அழைப்பு வரவே இல்லை. தீபாவளிக்கு உறவினர்கள் வந்தால் மருமகன் ரவி முறுக்குத் தட்டை நீட்டும்போதே ஆரம்பித்துவிடுவார்: "மாமா ரொம்ப பிஸி லா. அத்தைக்கு வேல தேடிக்கிட்டிருக்காரு." வீடு சிரிக்கும். தேன்மொழி மட்டும் சமையலறைக்குப் போய்விடுவாள்.

இந்த வருடம் போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னப்பா, அம்மாவுக்கு இன்டர்வியூ ஏதும் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா. அலைய விடுறாங்க."

அவளும் சிரித்தாள். சரசு இருந்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள் என்று சொல்ல ஆசைதான். அதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.