உள்ளே வந்து உட்காருங்கள்

கதை சொல்லிப் பழக்கமில்லாத நான் எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிப்பு வேண்டுகிறேன். பிழையிருப்பின் அன்புகூர்ந்து பொறுத்தருள்க.

தூலிக்கியின் கண்காட்சிக்கு அன்றும் ஒருவரும் வரவில்லை.

பின்லாந்தின் வடகோடியில், ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றின் நகராட்சிக் கலைக்கூடத்துக்கு அவள் பொறுப்பாளர். நடுவில் பிர்ச் மர வட்ட பெஞ்சு ஒன்றை மட்டும் வைத்து, 'உள்ளே வந்து உட்காருங்கள்' என்று பெயரிட்டிருந்தாள். ஊரார் தோளோடு தோள் உரசி அமர்ந்தால்தான் படைப்பு நிறைவுபெறும். பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஆளிருந்தால் நின்றுகொண்டே வரும் ஊர் அது என்பதை மறந்துவிட்டாள்.

குளிர்காலமாதலால் மதியமே இருட்டிவிடும். வீதியைப் பார்த்த கண்ணாடிச் சுவரில் அவளுக்கு அவள் முகமே தெரியும்; வேறொன்றும் தெரியாது.

வெளிச்சம் போதவில்லையோ என்று விளக்குகளைக் கூட்டினாள். முகம் இன்னும் துலக்கமாயிற்று, ஆள் வரவில்லை.

வெறும் பெஞ்சைக் கண்டு கூசுகிறார்களோ என்று, பார்வையாளர்போல் தானே அமர்ந்தாள். காப்பி இரண்டு கோப்பை: ஒன்று தனக்கு, ஒன்று வரப்போகிறவருக்கு. ஒருநாள் எதிர்க்கோப்பையிடம், "சர்க்கரை போடட்டுமா?" என்று கேட்டே விட்டாள். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

கடைசியில், கூட்டம் இருப்பதாகத் தோன்றட்டும் என்று வீட்டிலிருந்த கோட்டுகளையும் தொப்பிகளையும் பெஞ்சு முழுக்கப் பரப்பினாள். அன்று பார்த்து நகராட்சி உறுப்பினர் தைஸ்தோ பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தார்.

"அடடா, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா கூட்டத்தைப் பார்த்திருக்கலாமே!" என்று தூலிக்கி முந்திக்கொண்டாள்.

"மூக்கு உறையுற குளிர்ல கோட்டை விட்டுட்டா போனாங்க?"

தூலிக்கி தலைகுனிந்தாள். "எல்லாம் என்னோடதுதான்."

"இது ஆம்பளைத் தொப்பி மாதிரி இருக்கே?"

"அது... காலமான என் வீட்டுக்காரரோடது."

தைஸ்தோ இருமினார். "வருத்தமாத்தான் இருக்கு, தூலிக்கி. உக்காந்து ஈ ஓட்டலாம்னா, இந்தக் குளிர்ல ஈகூட இல்லை. இந்த மாசத்தோட மூடுறோம். கையெழுத்தும் போட்டாச்சு."

அவர் போனதும் அவள் விளக்குகளை அணைத்தாள்.

அப்போதுதான் கண்ணாடிக்கு அப்பால் தெரிந்தது. தெருவிளக்கின் கீழ், ஆளுக்கு ஆள் இரண்டு கை இடைவெளி விட்டு, ஊரே நின்றுகொண்டிருந்தது. சிலர் மடக்கு நாற்காலியும் பிளாஸ்கும் கொண்டுவந்திருந்தனர்.

கதவு மெல்லத் திறந்தது. பேருந்து ஓட்டுநர் வெய்யோ தொப்பியைக் கழற்றியபடி வாசலிலேயே நின்றார்.

"மன்னிக்கணும். இன்னைக்குச் சீக்கிரமே அணைச்சுட்டீங்களே, உடம்புக்கு ஏதும் சரியில்லையோன்னு..."

"இவ்வளவு பேரு வந்திருக்கீங்க! ஒருத்தராவது ஏன் உள்ளே வரலை?"

"உள்ளேயா?" அவர் பதறிப்போனார். "தனிமைன்னா என்னன்னு நீங்க தினமும் உக்காந்து காட்டுறீங்க, குளிர்காலம் பூரா ஊரே சேர்ந்து நின்னு பார்த்துட்டிருக்கோம். யாராவது வந்து பக்கத்துல உக்காந்தா படைப்பு கெட்டுடாதா?"

கூடம் மூடப்பட்டது; தூலிக்கிக்கு வேலை போயிற்று; மாலையில் கூடி நிற்க அவ்வூருக்கு இருந்த ஒரே இடமும் போயிற்று.