ஆளுயர வில்லும் ஆறு உருளை வேலாமரமும்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் வில்லாளி ஆவதென்று முடிவு செய்தேன். ஆளுயர வில். என் கையால். மெஷின் கிடையாது. கோடாலியும் அரிவாளும்தான். செல்போனில் ஒருவர் செய்து காட்டியதைப் பன்னிரண்டு தடவை பார்த்திருந்தேன். இதற்கு மேல் படிப்பு எதற்கு?

போர்வெல் வண்டியில் ஆயிரம் அடி பாறையைத் துளைக்கிறவன் நான். மழைக்கு வண்டி திருச்செங்கோட்டில் நிற்கிறது, நான் மல்லசமுத்திரத்தில் வீட்டோடு நிற்கிறேன். இந்தக் கை சும்மா இருக்குமா?

நன்றாகவே சும்மா இருக்கும் என்பாள் என் மனைவி சாரதாமணி. ஆடிக்காற்றில் விழுந்த வேலாமரம் கொல்லையில் ஆளுயரத்துக்கு அறுத்த ஆறு உருளையாகக் கிடந்தது. அதைப் பிளந்து தரச் சொல்லி இரண்டு மாதமாகக் கேட்கிறாள். மகள் தனப்பிரியா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளைக்கும் தாய்க்கும் விறகடுப்பில் காய்ந்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமாம். எனக்கு இடுப்பு வலி என்று சொல்லிவிட்டேன். இடுப்புக்கு அந்த விஷயமே தெரியாது.

ஆனால் வில்லுக்குக் கட்டை வேண்டுமே. கோடாலியோடு கொல்லைக்குப் போனேன்.

"ஏனுங்க, கோடாலி எதுக்குங்க?" என்றாள் சாரதாமணி.

"வில்லு செய்யோணும். இதுல ஒரு கட்டை எடுத்துக்கறேன்."

இப்போ மட்டும் இடுப்பு வலிக்கலையா என்று பாய்வாள் என எதிர்பார்த்தேன். அவளோ பதறிப்போனாள்.

"ஐயோ, அதத் தொடாதீங்க! இடுப்பு என்னத்துக்கு ஆவறது? பொளக்கறதுக்கு ஆளு சொல்லியிருக்கறேன். அதுக்கெல்லாம் ஒரு தெம்பு வேணுமுங்க."

"ஏம்புள்ள, எனக்குத் தெம்பில்லையா?"

"இல்லைன்னு நான் சொல்லலீங்களே."

அந்தச் சொல்லாதது போதாதா? முதல் உருளையை நாலாகப் பிளந்தேன். சாரதாமணி டீ கொண்டுவந்து, கட்டையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கணு இருக்குதுங்க. வளைச்சா ஒடிஞ்சுராதுங்களா?"

அடுத்ததைப் பிளந்தேன்.

"நாரு கோணலா ஓடுதுங்களே."

அதற்கும் அடுத்தது. இவளுக்கு இவ்வளவு வில் ஞானம் எங்கிருந்து வந்தது என்று வியந்தேனே தவிர, வேறெதுவும் தோன்றவில்லை.

ஞாயிறன்று முதல் வில்லில் நைலான் கயிறு கட்டி இழுத்தேன். படீர்!

"ஏனுங்கப்பா, ஒரு பக்கம் சொரக்காயாட்டம், ஒரு பக்கம் முருங்கக்காயாட்டம் செதுக்குனா ஒடியாதுங்களா?" என்றாள் மகள்.

"போனாப் போவுது. இன்னொண்ணு பொளந்தா ஆச்சு" என்றாள் சாரதாமணி. எவ்வளவு நல்லவள்!

திங்களன்று இரண்டு ஒடிந்தன. செவ்வாயன்று ஒன்று. புதன்கிழமை ஐந்தாவது வில் ஒடியவில்லை. அம்பு பன்னிரண்டு அடி பறந்து தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. நான் குதித்தேன். தனப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து மாசக்கணக்காகிறது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இன்னும் பெரிதாக ஒன்று செய்யலாமென்று திரும்பினேன். கொல்லையில் உருளை ஒன்றுகூட இல்லை. சுவரோரம் இடுப்புயரத்துக்குப் பிளந்த விறகு அடுக்கியிருந்தது. மேலே தார்ப்பாய் வேறு.

"ஏம்புள்ள, பொளக்க ஆளு சொல்லியிருக்கறேன்னியே?"

"ஆமாங்க. அஞ்சு நாளா வந்து பொளந்துட்டுத்தான இருக்காரு."

மகள் சிரிப்பை மறைக்க உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. என் பேரப்பிள்ளைக்கு நான் பிளந்த விறகில் தண்ணீர் காயப்போகிறது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இனி ஏமாறமாட்டேன் என்று மட்டும் மனதுக்குள் உறுதி எடுத்தேன்.

மறுநாள் காலை சாரதாமணி செல்போனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, இங்க பாருங்க. ஒருத்தரு வெறுங்கையிலயே மண்ணக் கொழைச்சுச் செவுரு வெக்கறாரு. இதெல்லாம் நம்மளால ஆவுங்களா?"

மாட்டுக் கொட்டகைச் சுவர் இடிந்து ஒரு வருஷமாகிறது என்பது எனக்கு நினைவு வந்தபோது, முழங்கால் வரை சேற்றில் நின்றிருந்தேன்.